பதினேழாம் அத்தியாயத்தில் ஓர் இருமல்

ஊட்டி மார்க்கெட்டில் பழைய பேப்பர் கடை ஜக்கரியா
தராசில் போட்டுக் கொடுத்தான்,
நானூறு கிராம் பேய்க்கதை.
அட்டை இல்லை. எந்தத் துரை வீட்டு அலமாரியிலோ
கறையான் தின்று மிச்சம் வைத்த இங்கிலீஷ்.
ஆடி முழுக்க மழை.
அகராதியைத் தொடைமேல் வைத்துக்கொண்டு
குவார்ட்டர்ஸில் உட்கார்ந்து படித்தேன்.

கோட்டை. கோட்டைக்குள் ஒரு பிரபு.
மேற்குப் பக்கம் பூட்டிய அறை.
அங்கே போகாதே என்று சொல்லிவிட்டு
சாவியை ஆணியில் மாட்டிவிட்டுப் போகிறான்.

கதாநாயகி பதினொரு தடவை மயங்கி விழுகிறாள்.
பென்சிலால் குறித்துக்கொண்டே வந்தேன்.
காலையில் ஏதாவது சாப்பிட்டாளா என்று
கதையில் ஒருவரும் கேட்கவில்லை.
மூடுபனி வந்தால் ஒரு பத்தி முழுக்க நடுங்குகிறார்கள்.
இங்கே மூடுபனி என்றால்
பனியன் மூன்று நாள் காயாது,
பஸ் ஹாரன் அடித்துக்கொண்டே வரும்,
அவ்வளவுதான்.

மெழுகுவர்த்தியை ஏந்திக்கொண்டு
இருட்டுத் தாழ்வாரத்தில் அவள் நடந்தபோதுதான்
எனக்கு நிஜமாகவே வயிற்றைக் கலக்கியது.
அம்மா, அணை அதை.
ஒரு ரோல் முழுக்கப் பாழாகிவிடும்.
மெமோ கொடுப்பார்கள்.

இருபத்திரண்டு வருஷம் பிலிம் ஃபாக்டரி.
கேட்டில் தீப்பெட்டியை வாங்கிக்கொள்வார்கள்,
ரேடியம் முள் வைத்த கைக்கடிகாரத்தையும்.
என் கல்யாண வாட்ச் பாதி ஆயுளை
செக்யூரிட்டி டிராயரில் கழித்தது.
உள்ளே இருட்டு என்றால்
கண்ணை மூடினாலும் திறந்தாலும் ஒன்றுதான்.
முதல் வாரம் என் கை எங்கே என்று எனக்கே தெரியவில்லை.
பிறகு பழகியது.
வலது சுவர் போக, இடது சுவர் வர.
கதவிலிருந்து மெஷினுக்கு நாற்பத்தாறு எட்டு.
வளைவு வந்தால் இருமவேண்டும்.
எதிரே வருகிறவன் பதிலுக்கு இருமுவான்.
பெள்ளிராஜ் என்றால் இரண்டு சின்ன இருமல்.
எபினேசர் செருமி ஓர் இழுப்பு.
ஹால்துரைக்கு இருமல் வராது, விசில்தான்,
ஏதோ பாட்டின் பாதி வரி.
கேன்டீன் வெளிச்சத்தில் பார்த்தால்
பெள்ளிராஜ் யாரோ வேற்று ஆள் மாதிரி இருப்பான்.

பதினேழாம் அத்தியாயம்.
தாழ்வாரம் திரும்பும் இடம்.
காற்று மெழுகுவர்த்தியை அணைக்கிறது. நல்ல காற்று.
இருட்டுக்குள் யாரோ இருமுகிறார்கள்,
ஒரே ஒரு தடவை.
அவள் அலறி விழுகிறாள். ஒன்பதாவது.

அங்கே புத்தகத்தைக் கவிழ்த்து வைத்தேன்.
பயமில்லை. கோபம்.
திருப்பி ஓர் இருமல் இருமியிருக்கலாமே பெண்ணே.
நான் இந்தப் பக்கம் வருகிறேன்,
நீ பார்த்துப் போ.
வேறென்ன சொல்லியிருக்கப் போகிறது அது?
நூறு வருஷத்துக்கு மேலாக
பதில் வராமல் அந்த வளைவிலேயே நிற்கிறது.

யார் இருமியது, பிரபுவின் அண்ணனா,
வேலைக்காரக் கிழவனா, நிஜமாகவே பேயா,
தெரியாது. கடைசி நாற்பது பக்கம் இல்லை.
ஜக்கரியாவைப் போய்க் கேட்டேன்.
"வர்க்கி மடிச்சுக் குடுத்தாச்சு சார்."

பெள்ளிராஜ் போய் ஆறு வருஷம்.
அவன் நெஞ்சை டாக்டர் வெளிச்சத்துக்கு நேரே
தூக்கிப் பிடித்துக் காட்டினார்.
ஓரத்தில் பொடி எழுத்தில் எங்கள் கம்பெனிப் பெயர்.
எந்த ஷிப்டில் வந்த ஷீட்டோ.
அவன் படத்தைப் பார்க்காமல்
அந்த ஓரத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

நேற்று சாயங்காலம் ஃபாக்டரி வழியாக வந்தேன்.
ஜன்னலே வைக்காத கட்டடம்.
சைக்கிள் ஸ்டாண்டில் நாலு காட்டெருமை
மழைக்கு ஒதுங்கி நின்றன.
துருப்பிடித்த கேட்டைப் பிடித்தபடி
ஒரு தடவை இருமினேன்.
ஓர் எருமை மட்டும் தலையைத் தூக்கியது.
வாட்ச்மேன், ஒடிசாப் பையன்,
போர்வைக்குள்ளிருந்து எட்டிப் பார்த்தான்.
"சளியா சார்?"
ஆமாம் தம்பி, சளிதான் என்றேன்.